மோட்டாரை மேலே ஏற்றிய வருஷம்

போர்வெல்லில் மோட்டார் இறக்குவதும் ஏற்றுவதும் என் தொழில். அடியில் மோட்டாரைக் கட்டி, பைப்பை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிக் குழிக்குள் விடுவது இறக்குவது. மோட்டார் எரிந்துபோனாலோ கேபிள் அறுந்துபோனாலோ எல்லாவற்றையும் திரும்ப வெளியே இழுப்பது ஏற்றுவது. ஒரு பைப் இருபது அடி நீளம். அதை நாங்கள் லென்த் என்று சொல்வோம். ஒருவருடைய மோட்டார் பதினைந்து லென்த்தில் நிற்கிறது என்றால், தரையிலிருந்து முந்நூறு அடி ஆழத்தில் தொங்குகிறது என்று அர்த்தம். மாரண்டஹள்ளியைச் சுற்றியுள்ள ஊர்களில் இருபது வருஷத்துக்கு மேலாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

நான் அஞ்சாவது வரை படித்தவன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தி முடிகிறவரை செருப்பு கழற்றிப்போட்ட இடத்திலேயே நிற்பேன். யாராவது கையைப் பிடித்து இழுத்துப்போய் உட்கார வைத்தால்தான் உண்டு. ஆனால் இந்தக் குணம் என் தொழிலுக்கு நன்றாகப் பொருந்தியது. எங்கள் ஊரில் மோட்டார் இறக்குவது ரகசியமான வேலை.

அது எப்படி என்று சொல்கிறேன். ஒருவர் தக்காளி போட்டிருப்பார். மாசி மாதம் வந்ததும் மோட்டார் தண்ணீரும் காற்றுமாகத் துப்ப ஆரம்பிக்கும். அவர் என்னைத் தேடி வருவார். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, "அண்ணா, ரெண்டு லென்த் சேத்து எறக்கிடுங்க. பக்கத்துத் தோட்டத்துக்குத் தெரிய வேணாம்" என்பார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பாலக்கோட்டு மண்டிக்குப் போகிற நாளாகப் பார்த்து இறக்கிவிட்டு வருவேன். பத்துப் பதினைந்து நாள் போகும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வருவார். "அண்ணா, என்னான்னே தெரியல. நல்லா ஓடிட்டு இருந்த மோட்டார் காத்து இழுக்குது. மூணு லென்த் சேத்து வுட்டுடுங்க. யாருக்கும் சொல்லாதீங்க."

ஏன் காற்று இழுக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் சொல்ல மாட்டேன். "பாக்கலாமுங்க" என்பேன்.

பைப்பைத் தூக்க மூன்று இரும்புக் கால் நட்டு, செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பியை மாட்டினால் ரோட்டில் போகிற எல்லார் கண்ணுக்கும் தெரியும். அதனால் ஒரு வார்த்தையை உண்டாக்கி வைத்திருந்தார்கள். யார் கேட்டாலும் "கேபிள் மாத்தறோம்" என்று சொல்லிவிடுவார்கள். நானும் அதையே சொல்வேன். புதிதாகச் சேர்க்கிற பைப்புகளைச் சோளத்தட்டுக்கு அடியில் போட்டு மூடி வைத்திருப்பார்கள். ரோட்டில் வண்டியை நிறுத்தி, "என்னாங்க, கேபிளா?" என்று ஒருவர் கேட்பார். "ஆமாங்க, கேபிளு" என்று தோட்டத்துக்காரர் சொல்வார். கேட்டவரும் போன மாதம் இதே கேபிளை மாற்றியவராக இருப்பார்.

எங்கள் ஊருக்குக் குடிதண்ணீர் ஒரே ஒரு பொது போரிலிருந்து வருகிறது. ஏரிக்குக் கீழே, ஓடை ஓரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தண்ணீர் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறித் தெருக்குழாய்களுக்கு வரும். என் வீடு கடைசித் தெருவில், கடைசிக் குழாய்க்குப் பக்கத்தில். ஒருகாலத்தில் தினமும் வந்த தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. பிறகு நாலு நாளுக்கு ஒருமுறை. கடைசித் தெருவுக்கு வரும்போது குழாய் இருமும், சொட்டும், நின்றுவிடும். கோடையில் டேங்கர் லாரி வரும். அதில் வருகிற தண்ணீரில் ஒருவிதமான டீசல் வாசனை இருக்கும். என் மனைவி அதை வெள்ளைத் துணியில் வடிகட்டி, காய்ச்சி, ஆறவைத்துத் தருவாள். அப்படியும் வாசனை போகாது.

அந்த வருஷம் தை மாதக் கடைசியில் டேங்க் ஆபரேட்டர் என்னைத் தேடி வந்தார். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றி, தெருவுக்குத் திறந்துவிடுகிற ஆள். என் மனைவி வழியில் சொந்தம்.

"மாமா, ஊரு போரு காத்து இழுக்குது. ரெண்டு லென்த் எறக்கிக் குடுங்க" என்றார்.

மறுநாள் காலையில் மூன்று காலைத் தூக்கிக்கொண்டு போனேன். மோட்டார் பதினாலு லென்த்தில் நின்றது. கயிற்றில் கல் கட்டி விட்டுப் பார்த்தேன். போரின் மொத்த ஆழமே பதினைந்து லென்த்தான். அடியில் ஒரு லென்த் அளவுக்குச் சேறு வேறு. அதில் மோட்டாரை வைத்தால் சேற்றை இழுத்து ஒரு வாரத்தில் எரிந்துபோகும்.

"எறக்க எடம் இல்ல" என்றேன்.

"என்னா மாமா சொல்றீங்க?"

"போரு அவ்ளோதான். முடிஞ்சு போச்சு."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான் நின்ற இடத்தில் இருந்து சுற்றிப் பார்த்தேன். ஓடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பச்சையாகத் தக்காளி, குச்சி நட்டுக் கயிறு கட்டி வரிசை வரிசையாக நின்றது. பதினோரு போர். பதினொன்றுக்கும் மோட்டார் இறக்கியவன் நான். எல்லாம் பதினாலு லென்த்துக்குக் கீழே தொங்குகின்றன. மேலே இருக்கிற வாய்க்கு எப்படித் தண்ணீர் கிடைக்கும்? என் கையாலேயே ஊர்த் தண்ணீரைக் கீழே கீழே கொண்டுபோயிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபது வருஷத்தில் ஒருநாளும் அந்தப் பதினொன்றையும் சேர்த்து நான் நினைத்துப் பார்த்ததில்லை. ஒவ்வொன்றும் ஒருத்தருடைய ரகசியம். தனித்தனியாகத்தான் மனதில் இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். மனைவி முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னாங்க, மூஞ்சி இப்பிடி இருக்குது? மோட்டார் எரிஞ்சு போச்சா?"

"மோட்டார் நல்லாத்தான் இருக்குது."

"அப்புறம்?"

வேலைக்கு எடுத்துப்போகிற சின்ன நோட்டை அவளிடம் கொடுத்தேன். யாருக்கு எத்தனை லென்த் இறக்கினேன் என்று எழுதி வைத்திருப்பேன். அடுத்த முறை ஏற்றும்போது கணக்குத் தெரியவேண்டும் அல்லவா, அதற்காக. அவள் எட்டாவது வரை படித்தவள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"இந்தப் பதினொன்னும் நீங்க எறக்கினதா?"

"ஆமா."

"ஏன் வூட்ல ஒரு வார்த்தை சொல்லல?"

"யாருக்கும் சொல்ல வேணாம்னாங்க."

"நானும் அந்த யாருக்கும்ல சேத்தியா?"

 அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "மூணு வருஷமா கொடத்தைத் தூக்கிட்டு வூடு வூடா அலையறேன். தண்ணி எங்க போச்சு எங்க போச்சுன்னு ஊரெல்லாம் கேக்கறேன். எறக்கி வுட்டவரு எம் பக்கத்துல உக்காந்து களி தின்னுட்டு இருந்திருக்காரு." திரும்ப நோட்டைப் பார்த்தாள். "இது என் தம்பி தோட்டம்தான? பத்தொம்போது லென்த்தா? கேபிள் மாத்தினேன்னு எங்கிட்ட சொன்னானே!"

அந்த மாசியில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். புது போர் போடவேண்டும், ஆயிரம் அடி போடவேண்டும், அதற்கு மனு எழுதிக் கையெழுத்து வாங்கவேண்டும் என்பதுதான் பேச்சு. எந்த இடத்தில் போடலாம் என்று கேட்பதற்காக என்னையும் வரச்சொல்லியிருந்தார்கள். இரண்டு நாளாக எனக்கு இதே யோசனை. சொன்னால் பதினோரு பேருடைய ரகசியத்தையும் போட்டு உடைத்தவன் ஆவேன். பிறகு யார் என்னை வேலைக்குக் கூப்பிடுவார்கள்? சொல்லாவிட்டால் ஆயிரம் அடியில் புது போர் வரும். அதைப் பார்த்துப் பதினோரு பேரும் ஆயிரத்து நூறுக்குப் போவார்கள். அதற்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வற்றுகிறவரை நான் பிழைத்துக்கொள்ளலாம். வற்றிய பிறகு ஊரோடு நானும் கூலி வேலைக்கு ஓசூருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

கூட்டத்தன்று காலையில், யாரும் வருவதற்கு முன்னால், மனைவியிடம் கோலமாவு டப்பாவை வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்து மைதானத்துக்குப் போனேன். முதலில் குறுக்கே ஒரு கோடு போட்டேன். அதுதான் தரை. அதிலிருந்து கீழ்ப்பக்கமாக ஒவ்வொரு போருக்கும் ஒரு கோடு. ஒரு லென்த்துக்கு என் கால் பாதம் ஒன்று. பதினேழு, பத்தொன்பது, பதினெட்டு, இருபத்தொன்று என்று பக்கத்தில் பக்கத்தில் இழுத்துக்கொண்டே போனேன். பெயர் எழுதவில்லை.

சத்துணவுக்கு விறகு கொண்டுவந்த பெண்கள் நின்று பார்த்தார்கள்.

"என்னாண்ணா, மார்கழி முடிஞ்சு எத்தினி நாளாச்சு, இப்பதான் கோலம் போடறீங்க?"

"வாசல் தெளிச்சீங்களா, இல்ல தண்ணி இல்லன்னு அப்பிடியே போடறீங்களா?"

"புள்ளி வைக்காம இழுக்கறாரு பாரு. இதான் ஆம்பளைங்க கோலம்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. தலையை நிமிர்த்தாமல் கடைசிக் கோட்டையும் போட்டு முடித்தேன். எல்லாவற்றுக்கும் நடுவில், பதினாலு பாதத்தில், ஒரு குட்டைக் கோடு நின்றது.

பத்து மணிக்குக் கூட்டம் சேர்ந்தது. ஆண்கள் நாற்காலியில், பெண்கள் சுவர் ஓரமாக. பேச ஆரம்பித்தார்கள். என் முறை வந்தது. "நம்ம மெக்கானிக்கு சொல்லட்டும், புது போரு எங்க போடலாம்னு" என்றார் ஒருவர். எழுந்தேன்.  கையால் மைதானத்தைக் காட்டினேன்.

"என்னாப்பா அது?"

"போருங்க" என்றேன். "ஒவ்வொரு கோடும் ஒரு போரு. ஒரு அடி வச்சா ஒரு லென்த்து."

எல்லாரும் எழுந்து வந்தார்கள்.  தோட்டம் வைத்திருக்கிறவர்கள் ஆளுக்கு ஒரு கோட்டின் பக்கத்தில் மெதுவாக நடந்து, அடி வைத்து எண்ணினார்கள். எண்ணியதும் தன் கோடு எதுவென்று அவரவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு பக்கத்துக் கோட்டை எண்ணினார்கள். அப்போது முகம் மாறியது.

என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, இருபத்தாறு பாதக் கோட்டின் முனையில் போய் நின்றுகொண்டு, "இது யாரோடது? இவ்ளோ நீளம்!" என்று கத்தினான்.

"உன்னோடது எதுன்னு நீ மொதல்ல சொல்றா" என்று சுவர் ஓரத்திலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்.

ஒருவர் என் பக்கம் திரும்பினார். அவருக்கு மூன்று தடவை இறக்கியிருக்கிறேன். "ஏண்ணா, எனக்கு மட்டும்தான் எறக்கினீங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

"நீங்க யாருக்கும் சொல்லாதீங்கன்னீங்க. நான் சொல்லலீங்க" என்றேன்.

"அப்ப எல்லாரும்..." அவர் கோடுகளைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார். "ஊரே கேபிள் மாத்தியிருக்கீங்களா?"

முதலில் யாரோ ஒரு பெண் சிரித்தாள். பிறகு சுவர் ஓரம் முழுக்கச் சிரித்தது. கொஞ்ச நேரத்தில் தோட்டக்காரர்களும் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "உங்களுது கேபிளா?" "ஆமாங்க, உங்களுதும் கேபிளா?" அன்றைக்குச் சண்டை வந்திருக்கவேண்டும். வராமல் போனதற்குக் காரணம், ஒருவரை ஒருவர் குறை சொல்ல ஒருத்தருக்கும் இடம் இல்லை என்பதுதான். கோட்டைப் பார்த்தாலே தெரிந்துவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் டேங்க் ஆபரேட்டர் கேட்டார். "இந்தக் குட்டைக் கோடு யாரோடது?"

"அது நம்ம ஊரோடது."

எல்லாரும் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார்கள். அவர் மட்டும், "இன்னும் கீழ வுட முடியாதா?" என்று தெரியாதவர் மாதிரி கேட்டார். எல்லாரும் கேட்கட்டும் என்று கேட்டிருப்பார் போல.

"முடியாதுங்க. போரு ஆழமே அவ்ளோதான்."

"அதுக்குத்தான் ஆயிரம் அடி புதுசு போடலாம்னு சொல்றோம்" என்றார் பெரிய தோட்டத்துக்காரர். ஊரிலேயே அதிகமாகத் தக்காளி போடுகிறவர். அவருடைய கோடுதான் அந்த இருபத்தாறு பாதம், எல்லாவற்றையும்விட நீளம்.

அப்போது நான் பேசியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. "ஆயிரம் போட்டா நீங்க ஆயிரத்து நூறுக்குப் போவீங்கண்ணா. நானேதான் வந்து எறக்குவேன். அப்புறம் ஊரு ஆயிரத்து ஐநூறு போடணும். அதுக்கும் நான்தான் வரணும். எங்கியோ ஒரு எடத்துல பாறைதான் இருக்கும். தண்ணி இருக்காது."

"அப்ப என்னா பண்ணலாங்கற?"

 பதில் சொன்னவள் என் மனைவி. "இதுல என்னா இருக்குது? குட்டைக் கோட்டை நீட்ட முடியலன்னா, நீளக் கோட்டையெல்லாம் அழிச்சுக் குட்டையாக்குங்க. எல்லா மோட்டாரையும் ஊரு மோட்டாருக்கு மேல ஏத்துங்க."

"ஓடற மோட்டாரை யாராவது மேல ஏத்துவாங்களாம்மா?" என்றார் பெரிய தோட்டத்துக்காரர்.

"ஏன், எறக்கத் தெரிஞ்சவருக்கு ஏத்தத் தெரியாதா? என் தம்பி போர்ல இருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க."

"அக்கா!" என்றான் மச்சான்.

"என்னாடா அக்கா? கேபிள் மாத்தலாம் வா."

மதியம்வரை பேச்சு ஓடியது. எனக்கு அது எப்படி வேலை செய்யும் என்று புரிந்திருந்தது, ஆனால் சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொருவராகக் கேட்டபோது கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். எல்லாருடைய மோட்டாரும் பன்னிரண்டு லென்த்தில் நின்றால், தண்ணீர் அதற்குக் கீழே போனதும் தானாகக் காற்று இழுக்கும். காற்று இழுத்தால் மோட்டாரை நிறுத்தித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் எரிந்துபோகும். காவலுக்கு ஆள் வேண்டாம், நீ நிறுத்து நான் நிறுத்து என்ற சண்டை வேண்டாம். அதற்குக் கீழே இருக்கிற இரண்டு லென்த் தண்ணீர் குடிக்க மட்டும். அது ஊருடையது. மேலே இருக்கிற தண்ணீருக்குத் தக்கபடி வெள்ளாமை வைத்துக்கொள்ளவேண்டும்.

"வெள்ளாமை கம்மியாகும்" என்றார் ஒருவர்.

"ஆகும்" என்றேன்.

நிற்கிற தக்காளியை அறுத்து முடித்த பிறகு ஏற்றுவது என்று முடிவானது. இன்னொன்றும் முடிவானது. அதுதான் இந்த ஏற்பாட்டைக் காப்பாற்றியது. கழற்றுகிற பைப்பை அவரவர் வீட்டில் வைக்கக் கூடாது. பள்ளிக்கூடத்து மதில் ஓரமாக ஊர்ப் பொதுவில் அடுக்கவேண்டும். ஒவ்வொருவருடைய பைப்புக்கும் ஒரு நிறப் பெயின்ட். யாராவது திரும்ப இறக்கவேண்டும் என்றால் அங்கே வந்துதான் எடுக்கவேண்டும். எல்லார் கண்ணுக்கும் தெரியும். அந்த யோசனையைச் சொன்னது மச்சான்தான். தன்னை மட்டும் ஏற்றவிட்டு மற்றவர்கள் சும்மா இருந்துவிடுவார்களோ என்று அவனுக்குப் பயம்.

பங்குனி முதல் வாரத்தில் அவன் தோட்டத்தில் மூன்று காலை நட்டேன். பத்தொன்பதில் நின்ற மோட்டாரைப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தேன். ஏழு பைப் வெளியே வந்தது. ஓடிக்கொண்டிருக்கிற மோட்டாரை, எரியாத மோட்டாரை, மேலே ஏற்றி நிறுத்தியது என் வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை. இறக்கும்போதுதான் வழக்கமாகக் கற்பூரம் காட்டுவார்கள். அன்றைக்கு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. "ஏத்தறதுக்கும் காட்டலாமா மாமா?" என்று கேட்டான். "காட்டு, ஒண்ணும் ஆகாது" என்றேன். தேங்காய் உடைத்தான். ஏழு பைப்பையும் டிராக்டரில் போட்டுக்கொண்டு தெரு வழியாகப் போனோம். வழியெல்லாம் "என்னாங்க, கேபிளா?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

அதன் பிறகு ஒவ்வொன்றாக ஏறியது. நான் கூலி கேட்கவில்லை, ஆனால் வேலை நடந்த வீட்டில் எல்லாம் சோறு கிடைத்தது. மதில் ஓரத்தில் பைப் உயர்ந்துகொண்டே வந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அதை எண்ணிப் பார்ப்பது பெண்களுக்கு ஒரு வேலையாகப் போய்விட்டது. பத்துப் பேருடையது வந்துவிட்டது. பெரிய தோட்டத்துக்காரருடையது மட்டும் வரவில்லை.

அவருடைய தக்காளி அறுத்து முடிந்துவிட்டது. நாற்று வாங்கி அடுத்த போகத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். ஒருநாள் காலையில் என் வீட்டுக்கு வந்தார். அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எங்களிடம் தமிழ்தான்.

"மெக்கானிக்கு, ஒரு யோசனை. எங்கிட்ட பழைய பைப்பு பதினாலு கெடக்குது. அதுக்குப் பெயின்ட் அடிச்சு மதில் ஓரமா போட்டுடலாம். போர்ல இருக்கறது அப்பிடியே இருக்கட்டும். நமக்கு ரெண்டு பேருக்குத் தெரிஞ்சா போதும்."

எனக்குத் தெரிந்த வார்த்தைதான் அது. இருபது வருஷமாகக் கேட்டுப் பழகியது. அவருக்குப் பக்கத்து ஊரிலும் இரண்டு போர் உண்டு, வருஷம் முழுக்க எனக்கு வேலை கொடுக்கிறவர். அவரைப் பகைத்துக்கொண்டால் எனக்குப் பாதிப் பிழைப்பு போய்விடும். ஆனால் இந்த ஒரு மோட்டார் இருபத்தாறில் நின்றால் ஏறிய பத்தும் வீண். ஒருத்தர் தோட்டம் பச்சையாக நிற்பதைப் பார்த்தால் ஒரு மாதத்தில் எல்லாரும் மதில் ஓரத்துக்கு வந்துவிடுவார்கள். ஊர் போர் அந்தக் கோடையைத் தாண்டாது.

"பாக்கலாமுங்க" என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "ஏத்தலாமுங்கண்ணா" என்றேன்.

"என்னாது?"

"ஏத்தலாமுங்க. ரெண்டு பேருக்குத் தெரியறது இனிமே வேணாம்."

அவர் முகம் சிவந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன், ஆனால் நகரவில்லை. "அவ்ளோ பெரிய ஆளாயிட்டியா நீ" என்றார்.  வேறு என்ன செய்வது என்று தெரியாமல், "உங்க போர்ல தண்ணி எங்க நிக்குதுன்னு ஒருதடவை ஒயர் விட்டுப் பாத்துடலாம் வாங்க" என்றேன். அது எங்கள் தொழிலில் உள்ள ஒரு சின்ன வேலை. ஒயர் நுனியைச் சுரண்டிவிட்டு, மேலே மீட்டர் வைத்துக் குழிக்குள் விடவேண்டும். நுனி தண்ணீரைத் தொட்டதும் முள் ஆடும். அளந்தால் தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

திட்டிக்கொண்டே கூடவே வந்தார். தை மாதத்தில் அவர் போரில் நான் அளந்தபோது தண்ணீர் பதினாறு லென்த்தில் கிடந்தது. ஒயரை விட ஆரம்பித்தேன். அவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பதினோரு லென்த் அளவு போனதும் முள் ஆடியது. நான் தப்பாக விட்டுவிட்டேனோ என்று மேலே இழுத்துத் திரும்ப விட்டேன். அதே இடத்தில் ஆடியது.

"என்னா?" என்றார்.

"பதினொன்னுலியே தண்ணி இருக்குதுங்க."

அவர் ஒயரை என் கையிலிருந்து வாங்கித் தானே விட்டுப் பார்த்தார். முள் ஆடியதும் என்னைப் பார்த்தார். "நீள்ளு பைக்கி வச்சிந்தா?" என்றார். தண்ணீர் மேலே வந்ததா என்று தன் வீட்டு மொழியில் கேட்கிறார் என்பதை அவரே கவனிக்கவில்லை. பிறகு தமிழில் கேட்டார். "மழையே பெய்யலையேப்பா?"

"பெய்யலீங்க. பத்து மோட்டார் ஏறியிருக்குதுங்க."

அவர் கொஞ்ச நேரம் மதில் இருக்கிற பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் இனாமாக வந்த சந்தோஷமா, வெட்கமா, எனக்குத் தெரியாது. இருபது வருஷத்தில் அவர் போரில் தண்ணீர் மேலே வந்து அவர் பார்த்ததே இல்லை. கீழே போவதை மட்டுமே பார்த்திருக்கிறார். நானும் அப்படித்தான்.

"மூணு காலை எடுத்துட்டு வா" என்றார். "கற்பூரம் நான் வாங்கறேன்."

அந்தக் கோடையில் கஷ்டம் இல்லாமல் இல்லை. மோட்டார்கள் ஒருநாளைக்கு இரண்டு மணி நேரம் ஓடி நின்றுவிடும். நட்ட நாற்றில் பாதியைச் சிலர் விட்டுவிட வேண்டியிருந்தது. மச்சான் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை, பிறகு அவனாகவே பேசினான். ஆனால் ஊர் போர் நிற்கவில்லை. ஆடியில் மழை விழுந்ததும் பாதி நிலத்தில் ராகியும் அவரையும் விதைத்தார்கள், வரப்பு ஓரங்களில் கொள்ளு. தக்காளியைச் சொட்டுநீர் போட்டுக் கொஞ்சமாக வைத்தார்கள். அதிலும் பெரிய தோட்டத்துக்காரருக்கு அந்த வருஷம் நல்ல காய். எத்தனை ஏக்கர் தக்காளி என்பதை இப்போதெல்லாம் ஐப்பசியில் ஒயர் விட்டு அளந்து பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். பேச்சு என்றால் சண்டைதான். ஆனால் எல்லாருக்கும் தெரிந்த கணக்கை வைத்துக்கொண்டு போடுகிற சண்டை. முடிந்ததும் டீ குடிக்கப் போகிறார்கள்.

எனக்கு மோட்டார் இறக்குகிற வேலை குறைந்துவிட்டது. "உங்க பொழப்பையும் சேத்து மதில் மேல ஏத்தி வச்சிட்டீங்க" என்று மனைவி சொல்வாள். சொட்டுநீர்க் குழாய் அடைப்பு எடுக்கிற வேலையைக் கற்றுக்கொண்டேன். முன்னைப்போல இல்லாவிட்டாலும் ஓடுகிறது.

போன சித்திரையில் ஒருநாள், நல்ல வெயில். மத்தியானம் வீட்டுக்குள் படுத்திருந்தேன். தெருவில் பெண்கள் கத்துகிற சத்தம் கேட்டது. என்னமோ ஏதோ என்று ஓடினேன். எல்லாரும் மேல்நிலைத் தொட்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொட்டி நிரம்பி, நாலு பக்கமும் வழிந்து, தூண்கள் வழியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சித்திரை மாதத்தில். கீழே காய்ந்துகிடந்த மண் கறுத்துச் சேறாகி, அதில் கோழிகள் நின்றுகொண்டிருந்தன.

டேங்க் ஆபரேட்டர் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிப்போயிருக்கிறார். அந்தத் தொட்டி நிரம்பும் என்று அவருக்கு நினைப்பே வரவில்லை. கோடையில் அது நிரம்பி யாரும் பார்த்ததில்லை.

"நிறுத்துங்கடா, வீணாப் போகுது!" என்று என் மனைவி கத்தினாள். பக்கத்து வீட்டுப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இருக்கா, ஒரு நிமிசம் இரு, பாத்துக்கறேன்" என்றாள். பாதிப் பேர் ஓடு ஓடு என்று கத்தினார்கள். மீதிப் பேர் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே நின்றார்கள். வண்டியில் வந்துகொண்டிருந்த பெரிய தோட்டத்துக்காரர் தொட்டியைப் பார்த்தார். வண்டியை அப்படியே ரோட்டில் சாய்த்துப் போட்டுவிட்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, ஓடை ஓரத்து மோட்டார் ரூமை நோக்கி ஓடினார். அந்த வயசில் அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. "சுவிட்சு, சுவிட்சு!" என்று கத்திக்கொண்டே ஓடினார். அவர் பின்னால் நாங்களும் ஓடினோம்.